தாம்பத்திய உறவில் வலி: மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

திருமணமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. கணவர் நெருங்கினாலே தொடைகள் இறுகிவிடுகின்றன. சுவரில் மோதுவதுபோல் வலி. 'போகப்போகச் சரியாகிவிடும்' என்கிறார் அம்மா. (வயது 26)

அம்மா சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு முயன்றால் வலி கூடத்தான் செய்யும். 'சுவரில் மோதுவதுபோல்' என்று என்னிடம் வரும் பெண்கள் பலரும் இதே சொற்களில்தான் சொல்கிறார்கள். வஜைனிஸ்மஸ் ஆக இருக்கலாம். கண்ணருகே விரல் வந்தால் இமை தானாக மூடிக்கொள்கிறதல்லவா? அதுபோலவே, பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் உங்களைக் கேட்காமலே இறுகுகின்றன. உங்களுக்குக் கணவர்மீது விருப்பமில்லை என்று இதற்குப் பொருளே அல்ல. இதை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

சில வாரங்களுக்கு அந்த முயற்சியையே நிறுத்திவையுங்கள். அணைப்பும் நெருக்கமும் இருக்கட்டும். ஆழ்ந்த மூச்சோடு தசையைத் தளர்த்தப் பழகியபின், விரல் பருமனில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும் டைலேட்டர்களை (பிறப்புறுப்பினுள் வைத்துப் பழகும் வழுவழுப்பான குழல்கள்) தருவோம். அதை உபயோகிப்பது நீங்கள்தான். எப்போது அடுத்த அளவுக்குப் போவது என்பதும் உங்கள் முடிவு. இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். யாரோ சொன்னார்கள் என்று கெகல் பயிற்சியைத் தொடங்கிவிடாதீர்கள். அது தசையை இறுக்கும் பயிற்சி. பெரும்பாலானோர் இதிலிருந்து முழுமையாக மீள்கிறார்கள். குழந்தை எப்போது என்று கேட்பவர்கள் காத்திருக்கட்டும்.

ஆரம்பத்தில் வலி இல்லை. உள்ளே ஆழத்தில் குத்துகிறது. மாதவிடாய் நாட்களிலும் துடித்துப்போகிறேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். (வயது 33)

வாசலில் வலியா, ஆழத்தில் வலியா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி. உங்களுடையது ஆழத்து வலி. மாதவிடாய் வலியும் சேர்ந்திருப்பதால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு வெளியே, சூலகத்திலும் இடுப்புக்குழியிலும் வளரும் நோய் இது. இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு இருக்கிறது. ஸ்கேன் சரியாக இருப்பதால் மட்டும் இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாதவிடாயின்போது மலம் கழிக்கையில் வலிக்கிறதா என்று கவனித்துக் குறித்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஹார்மோன் மாத்திரைகளும், தேவைப்பட்டால் சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. காய்ச்சலோ துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலோ இருந்தால் தொற்றாகவும் இருக்கலாம், தாமதிக்க வேண்டாம்.

பிரசவமாகி நான்கு மாதங்கள். தாய்ப்பால் கொடுக்கிறேன். தையல் ஆறிவிட்டது, ஆனாலும் எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா? (வயது 29)

பாலூட்டும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் குறைந்து, அந்த இடம் வறண்டுபோகும். எரிச்சலுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். மருந்துக்கடையில் கிடைக்கும், நீரை அடிப்படையாகக் கொண்ட லூப்ரிகன்ட் (வழுவழுப்பூட்டும்) ஜெல் போதும். ஆணுறை உபயோகித்தால் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ரப்பர் வலுவிழந்து கிழிந்துவிடும். தையல் தழும்பைத் தொட்டாலே சுரீரென்றால் நேரில் காட்டுங்கள்.

மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உறவு வலிக்கிறது, இருமுறை ரத்தமும் பட்டது. இந்த வயதில் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. (வயது 53)

கூச்சப்பட ஒன்றுமில்லை அம்மா. வறட்சிதான் என்றால், அந்த இடத்தில் மட்டும் போடும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் நல்ல பலன் தரும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவுவதை இன்றே நிறுத்துங்கள். ஆனால், ரத்தம் பட்டது என்கிறீர்களே, அதை வறட்சி என்று நாமே முடிவுகட்டக் கூடாது. கருப்பைவாய்ப் பரிசோதனையும் ஸ்கேனும் அவசியம். இந்த வாரமே போய்வாருங்கள்.