வானம் நீலமாக இருக்கிறதே, விமானம் ஏன் கிளம்பவில்லை?

எரிமலைச் சாம்பலால் விமானங்கள் ரத்தாவது பற்றி வந்த கேள்விகளுக்கு, விமான எஞ்சின் பராமரிப்பில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் பதில் சொல்கிறார்.

கே: பேத்தி பிறந்த செய்தி கேட்டுக் கிளம்பினோம். விமான நிலையத்தில் "சாம்பல் மேகம், விமானம் ரத்து" என்றார்கள். வெளியே பளிச்சென்று வெயில், ஒரு மேகம்கூட இல்லை. வேறு ஏதோ காரணத்தை மறைக்கிறார்களோ என்று தோன்றுகிறது.

ப: உங்கள் தவிப்பு புரிகிறது அம்மா. ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் விமானம் பறக்கப் போவது முப்பதாயிரம் அடிக்கு மேலே. அங்கே பரவிக் கிடக்கும் மெல்லிய சாம்பல் தரையிலிருந்து பார்த்தால் தெரியாது. இரவில் விமானிக்கும் தெரியாது. விமானத்தின் மூக்கில் உள்ள வானிலை ரேடார் மழைத்துளியைக் கண்டுபிடிக்கச் செய்தது. இவ்வளவு நுண்ணிய, உலர்ந்த துகள் அதில் விழாது. அதனால்தான் செயற்கைக்கோள் படங்களையும் காற்றுக் கணிப்பையும் வைத்துச் சாம்பல் போகும் வழியைச் சொல்ல உலகத்தில் 9 ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. லண்டன், துலூஸ், டார்வின், டோக்கியோ எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் விமானத்தை நிறுத்தும் முடிவு அநேகமாக அப்படி ஒரு மையத்தின் அறிக்கையைப் பார்த்து எடுத்ததாக இருக்கும்.

கே: சாம்பல்தானே? அவ்வளவு பெரிய எஞ்சின் அதை ஊதித் தள்ளிவிடாதா?

ப: பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அடுப்புச் சாம்பலை மனதில் வைத்துக்கொண்டால் அப்படித்தான் தோன்றும். எரிமலை கக்குவது பொடிப்பொடியான பாறையும் கண்ணாடியும். இந்தக் கண்ணாடித் துகள் ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸில் இளகிவிடும். ஜெட் எஞ்சினின் எரி அறையில் வெப்பம் அதைவிட அதிகம். உள்ளே போகும் துகள் அங்கே உருகி, அடுத்துள்ள, சூடான வாயு சுழற்றும் டர்பைன் பகுதிக்குப் போனதும் உலோகத்தில் ஒட்டி இறுகிவிடுகிறது. காற்று போகும் பாதை குறுகக் குறுக எஞ்சின் மூச்சு முட்டி நின்றுபோகிறது.

எஞ்சினைப் பிரிக்காமல் உள்ளே பார்க்க போரோஸ்கோப் என்று ஒன்று வைத்திருப்போம். நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாய். ஒருவர் எஞ்சினின் சுழலும் பகுதியான ரோட்டரை மெதுவாகச் சுற்றுவார், இன்னொருவர் திரையிலிருந்து கண் எடுக்காமல் பிளேடு பிளேடாகப் பார்ப்பார். சாம்பலுக்குள் போய்வந்த எஞ்சின் என்றால், முன்னால் காற்றை அமுக்கும் கம்ப்ரஸர் பிளேடுகளின் விளிம்பு அரித்துப்போயிருக்கிறதா என்று முதலில் தேடுவோம். அப்புறம் டர்பைனுக்கு வருவோம். அங்கே பிளேடுகளைக் குளிர்விக்க ஊசி போன்ற துளைகள் இருக்கும். அதில் சில அடைபட்டாலே போதும், அந்த எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். விமானம் எந்தக் குறையும் காட்டாமல் வந்து இறங்கியிருந்தாலும் இந்தச் சோதனையை நாங்கள் விட்டதில்லை.

1982 ஜூன் 24 இரவு, இந்தோனேசியாவின் காலுங்கூங் எரிமலைச் சாம்பலுக்குள் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 தெரியாமல் நுழைந்தது. கோலாலம்பூரிலிருந்து பெர்த் போய்க்கொண்டிருந்த விமானம். நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 37,000 அடி உயரத்திலிருந்து மிதந்தபடியே இறங்கி, சுமார் 13,000 அடிக்கு வந்த பிறகுதான் எஞ்சின்கள் திரும்பப் பிடித்தன. எஞ்சின் நின்று உள்ளே சூடு ஆறியதும் ஒட்டியிருந்த கண்ணாடி விரிசல் விட்டு உதிர்ந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. ஜகார்த்தாவில் இறங்கும்போது, விமானிகளுக்கு முன்கண்ணாடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல மங்கிக் கிடந்தது. அத்தனை பேரும் பிழைத்தார்கள். 1989 டிசம்பர் 15 அன்று அலாஸ்காவில் நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானம் ஒன்றுக்கும் இதே கதி, ரிடவுட் எரிமலையால். அதுவும் பத்திரமாக இறங்கியது, ஆனால் நான்கு எஞ்சின்களையும் மாற்ற வேண்டியிருந்தது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத விமானம் அது.

கே: பறக்கும்போது சாம்பலில் மாட்டிக்கொண்டால் விமானி என்ன செய்வார்?

ப: எஞ்சினின் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிட்டு, வந்த வழியே திரும்புவார். சக்தி குறையும்போது இன்னும் கூட்டத்தான் கை போகும், மேலே ஏறித் தப்பிக்கத்தான் மனம் சொல்லும். ஆனால் கூட்டினால் உள்ளே சூடு ஏறும், துகள் இன்னும் உருகும். கேபினில் கந்தக வாடை, மெல்லிய புகை, ஜன்னலுக்கு வெளியே நீலநிற மின்பொறி ஆகியவற்றை அறிகுறியாகச் சொல்வார்கள். இதற்கென்றே விமானிகளுக்குப் பயிற்சி உண்டு.

கே: எரிமலை எங்கோ வெடிக்க, சம்பந்தமே இல்லாத நாட்டில் ஏன் விமானம் நிற்கிறது?

ப: காற்றுக்கு எல்லை ஏது? 2011 ஜூனில் சிலியில் வெடித்த எரிமலையின் சாம்பல் ஆஸ்திரேலியா வரை போய் விமானங்களை நிறுத்தியது. 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலை வெடித்தபோது, சாம்பல் செங்கடல் தாண்டி வட இந்தியா வரை வந்தது.

கே: 2010இல் ஐரோப்பாவின் வான்வெளியையே மூடினார்களே, அது தேவையில்லாத பதற்றம் இல்லையா?

ப: எனக்கு அப்படிப் படவில்லை. ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாட்லயோகுட் எரிமலை ஏப்ரல் 14 அன்று சாம்பல் கக்கத் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் ஒரு லட்சம் விமானங்கள் அளவுக்கு ரத்தாயின. எவ்வளவு சாம்பல் வரை எஞ்சின் தாங்கும் என்று அன்று யாரிடமும் ஒத்துக்கொள்ளப்பட்ட அளவு இல்லை. சாம்பல் இருந்தால் போகாதே என்பதுதான் விதி. அந்த நிலையில் மூடியது சரி. அந்த அளவை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைக்காததுதான் தப்பு. காலுங்கூங், ரிடவுட் என்று எச்சரிக்கை வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பிறகு எஞ்சின் தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து, கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று ஒரு வரம்பு வைத்தார்கள். அடுத்த ஆண்டே ஐஸ்லாந்தில் க்ரிம்ஸ்வோட்ன் அதைவிட வலுவாக வெடித்தது. ரத்தானவை சுமார் 900 விமானங்கள்தான். காற்றின் போக்கும், கனத்த துகள் சீக்கிரம் விழுந்ததும் கைகொடுத்தன. புது வரம்பும் உதவியது.

கே: ரத்தானால் பணம் திரும்ப வருமா? ஹோட்டல் செலவு யாருடையது?

ப: எரிமலை யாருடைய தவறும் இல்லை என்பதால் நஷ்டஈடு பெரும்பாலும் கிடைக்காது. டிக்கெட் பணம் அல்லது மாற்று விமானம் என்பது வேறு விஷயம், அதைக் கேளுங்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி காத்திருக்கும் காலம் முழுக்க சாப்பாடும் தங்குமிடமும் நிறுவனம் தர வேண்டும். 2010 சாம்பலில் தவித்த ஒரு பயணியின் வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2013 ஜனவரியில் இதை உறுதி செய்தது. எரிமலையைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது என்றது. பயணக் காப்பீட்டை எரிமலை வெடித்த செய்தி வந்த பிறகு எடுத்தால் பெரும்பாலும் செல்லாது. இரண்டு விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டில் எடுத்திருந்தால், முதலாவது ரத்தானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. கவுண்டரை விட்டு நகரும் முன், ரத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாப்பாடு, அறை, டாக்சி எல்லா ரசீதையும் அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.