மின்சாரமும் சாக்கடை இணைப்பும் இல்லாத ராமநாதபுரம் கடற்கரைக் குடிலுக்கு செப்டிக் டேங்க் எப்படி அமைப்பது?

செப்டிக் டேங்க் என்பது கழிவைத் தேக்கிப் பிரிக்கும் தொட்டி, அவ்வளவுதான். ஆறிய மீன் குழம்பை நினைத்துக்கொள்ளுங்கள் (உவமைக்கு மன்னிக்கவும்): எண்ணெய் மேலே, துண்டுகள் அடியில், நடுவே சாறு. தொட்டியிலும் கொழுப்பு மிதக்கும், கசடு அடியில் தங்கும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் அதை மெல்லத் தின்னும். நடுநீர் மட்டும் வெளியேறி மண்ணுக்குள் போகும். சரிவு இருந்தால் போதும், மோட்டார் தேவையில்லை.

இந்தக் கரையில் சிக்கலே அந்த மண்தான். தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. குடிக்கும் ஊற்றும் அதுவே, கழிவுநீர் போய்ச் சேரும் இடமும் அதுவே. மணலோ பருமனான காபித் தூள் மாதிரி. நீரை நிறுத்தி வடிகட்டாமல் சடசடவென இறக்கிவிடும்.

ஆகவே ஆழக் குழி வேண்டாம். ஆழமில்லாத நீண்ட பள்ளத்தில் துளைக்குழாய் பதித்து, நீரைப் பரவலாக விடுங்கள். பள்ளத்தின் அடிக்கும் கார்த்திகை மாத நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர் உலர்மணல் இருப்பது நல்லது. சித்திரையில் தோண்டிப் பார்த்து அளவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். தாழ்வான இடமென்றால் கழிப்பறையையே மேடைகட்டி உயர்த்துங்கள். குடிநீர் ஊற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளியிருக்கட்டும்.

அடியைப் பூசாமல் உறை இறக்கிவிட்டு, “10 வருடமாக நிரம்பவே இல்லை” என்று பெருமைப்படுபவர்கள் உண்டு. அது செப்டிக் டேங்க் அல்ல, கழிவு ஊற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.