அமெரிக்க ஓட்டலில் 64 டாலர் பில், கார்டில் 76 ஏறியது: மோசடியா?
மோசடியாக இருக்க வாய்ப்பு குறைவு. அங்கே சர்வர் கார்டை வாங்கிப்போய் பில் தொகைக்கு மட்டும்தான் வங்கியிடம் அனுமதி வாங்குவார்; 64 டாலர் என்று உங்களுக்கு வந்த எஸ்எம்எஸ் அதுதான். நீங்கள் ஸ்லிப்பில் எழுதிய 12 டாலர் டிப்ஸைப் பிறகு சேர்த்து, அன்றைய கணக்கை முடிக்கும்போது 76 என்று அனுப்புவார்கள். இதற்குத் தனியாக ஓடிபியோ பின்னோ கேட்காது. கணக்கில் ஏற ஓரிரு நாள் ஆகும்.

ஸ்லிப் நகல் கையில் இருக்கிறதா? அதிலுள்ள மொத்தத்தை ஸ்டேட்மென்ட்டின் டாலர் தொகையோடு ஒப்பிடுங்கள். ரூபாயைப் பார்க்காதீர்கள், மாற்று விகிதமும் வங்கி அதற்குமேல் பிடிக்கும் கட்டணமான மார்க்அப்பும் குழப்பிவிடும். டாலரே கூடியிருந்தால் முதலில் ஓட்டலை அழைத்து, நீங்கள் கையெழுத்திட்ட ஸ்லிப்பை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மசியவில்லையென்றால் நகலின் படத்தோடு வங்கியில் டிஸ்பியூட், அதாவது அந்தத் தொகையை மறுத்துப் புகார், போடுங்கள்.

டிப்ஸை ரொக்கமாகக் கொடுத்தால் ஸ்லிப்பில் டிப்ஸ் எழுதும் இடத்தைக் காலியாக விடக் கூடாது. குறுக்கே அடித்துவிட்டு மொத்தத்தை நீங்களே எழுத வேண்டும். கும்பலாகப் போனால் பல இடங்களில் 18 அல்லது 20 சதவீதம் டிப்ஸ் பில்லிலேயே சேர்ந்திருக்கும். அதைக் கவனிக்காமல் இன்னொரு முறை அழுபவர்கள் ஏராளம்.