அலுவலக சிஸ்டங்களில் மென்பொருள் ஏற மறுக்கிறதா? கேள்வி பதில்

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து: சார், 40 சிஸ்டத்துக்கு குரூப் பாலிசி (சர்வரிலிருந்தே எல்லா சிஸ்டங்களையும் நிர்வகிக்கும் விண்டோஸ் வசதி) வழியாக அக்கவுண்ட்ஸ் மென்பொருளை அனுப்பினேன். ஒன்றில்கூட ஏறவில்லை. அதே எம்எஸ்ஐ ஃபைலை (விண்டோஸ் நிறுவல் ஃபைல்) ஷேர் ஃபோல்டரிலிருந்து நானே திறந்தால் ஏறுகிறது.

நீங்கள் திறக்கும்போது உங்கள் லாகினுக்கு உள்ள அனுமதி வேலை செய்கிறது. சிஸ்டங்களுக்கு ஒதுக்கிய பாலிசியில் அப்படி இல்லை. யாரும் லாகின் செய்வதற்கு முன்பே, அந்தந்த சிஸ்டம் தன் சொந்தக் கணக்கில் சர்வரிடம் போய் ஃபைலைக் கேட்கிறது. அதனால் டொமைனில், அதாவது சர்வர் நிர்வகிக்கும் அலுவலக நெட்வொர்க்கில், சேர்ந்த சிஸ்டங்கள் அடங்கிய 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்கு ரீட் அனுமதி கொடுங்கள். ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். ஒன்றில் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுகிறோம். பாதையையும் பாருங்கள். இசட் டிரைவ் என்று கொடுத்திருந்தால் அது உங்கள் லாகினோடு வரும் டிரைவ். சிஸ்டத்தின் கணக்குக்கு அப்படி ஒன்று கிடையாது. சர்வர் பெயரில் தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுங்கள்.

கிண்டியிலிருந்து: மென்பொருளை ஏற்றும்போது 1603 என்ற பிழை எண் வருகிறது. தேடினால் ஆளுக்கொரு தீர்வு சொல்கிறார்கள்.

நிறுவல் பாதியில் முறிந்தது என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. காரணம் நூறு இருக்கலாம், அதனால்தான் தீர்வும் நூறு. விரிவான லாக் (நிறுவலில் நடப்பதைப் பதிவு செய்யும் ஃபைல்) எழுதச் சொல்லி மறுபடி ஓட்டுங்கள். லாகில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்பதை ஆங்கிலத்தில் தேடி, அதற்கு மேலே உள்ள பத்து இருபது வரிகளைப் பொறுமையாகப் படியுங்கள். ஒருமுறை இரண்டு நாள் இதே எண்ணோடு போராடினேன். பழைய பதிப்பின் சர்வீஸ் ஒன்று நிற்க மறுத்தது லாகில் அப்படியே எழுதியிருந்தது. தயவுசெய்து லாகைப் படிக்காமல் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்காதீர்கள்.

வேளச்சேரியிலிருந்து: சில சிஸ்டத்தில் 1618, சிலவற்றில் 3010 என்ற எண் வருகிறது.

1618 என்றால் அங்கே வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் மறுபடி அனுப்புங்கள். 3010 பிழையே இல்லை. மென்பொருள் ஏறிவிட்டது, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி.

பாரிமுனையிலிருந்து: கரண்ட் போய் வந்த பிறகு மூன்று பழைய சிஸ்டம் மட்டும் சர்வர் ஷேரைத் திறக்கவில்லை. கேபிள், ஸ்விட்ச் எல்லாம் சரி.

முதலில் அந்த மூன்றின் தேதி, நேரத்தைப் பாருங்கள். டொமைனில் அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ், சர்வர் நேரத்தோடு 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பொதுவாக ஏற்காது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால் கரண்ட் போகும்போது கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். இப்போதைக்கு நேரத்தைத் திருத்துங்கள். அப்புறம் ரிச்சி தெருவில் 2032 பட்டன் பேட்டரி மூன்று வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த மின்வெட்டில் திரும்ப வரும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர்: அண்ணா, 60 சிஸ்டத்துக்கும் இன்று இரவே அனுப்பச் சொல்கிறார் மேனேஜர்.

வேண்டாம் தம்பி. பழைய சிஸ்டம் ஒன்று, புதியது ஒன்று, அக்கவுண்ட்ஸில் ஒன்று என்று மூன்றுக்கு மட்டும் இன்று அனுப்புங்கள். நாளை மதியம் வரை அவர்கள் அதில் வேலை பார்க்கட்டும். பில் பிரிண்ட் ஆகிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புங்கள்.