வாத்தியாரைக் கேளுங்க: பள்ளிக்கூடத்துக்குச் சீர் வருது, வழி விடுங்க!

கேள்வி: ஐயா, எங்க ஊரு நடுநிலைப் பள்ளி ஆண்டு விழாவுக்கு கல்விச்சீர் கொண்டு போகணும்னு இளவட்டங்க பேசிக்கிட்டு இருக்கோம். பணமும் ஓரளவு சேர்ந்திருச்சு. என்ன வாங்குறது, எப்படிக் குடுக்குறது?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி பக்கம்

பதில்: தம்பி, நல்ல காரியம். நம்ம பக்கம் தாய்மாமன் சீருன்னா சும்மாவா, கொட்டடிச்சு வெடி போட்டு வந்து எறங்குனா தட்டு எத்தனைன்னு எண்ணிப் பாக்குற ஊரு இது, அந்த மொறையத்தான் அப்படியே பள்ளிக்கூடத்துக்கும் செய்யிறோம். ஒரு கிராமத்துல பாத்தேன், புது பீரோவுக்கு மாலை போட்டு டிராக்டர்ல ஏத்தி முன்னாடி விட்டுட்டாங்க, பின்னாடியே பொம்பளைங்க தாம்பாளத்துல வெத்தல பாக்கு, பழம், நோட்டு, பென்சில், சாக்பீஸ் டப்பான்னு வரிசையா வர்றாங்க, ஒரு பெருசு தலையில பிளாஸ்டிக் சேரு, ஒரு பொடிப்பய உலக உருண்டைய நெஞ்சோட சேத்து அணைச்சுக்கிட்டு ஒருத்தரையும் தொட விடல. பள்ளிக்கூட வாசல்ல டீச்சருங்க சந்தனம் குங்குமத்தோட சம்பந்தி வீட்டாளுக மாதிரி நின்னு வரவேத்தாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஹெச்.எம்.மைப் பாருங்க. ஆளாளுக்கு ரகசியமா வாங்கிட்டு வந்தா கடைசில நாலு சுவர்க்கடிகாரம் நிக்கும், ஒரு வாளி இருக்காது. பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, 2009 கல்வி உரிமைச் சட்டத்துல வந்தது, அதுல முக்கால்வாசிப் பேரு பெத்தவங்கதான், அந்தக் கூட்டத்துல பேசி லிஸ்ட் போட்டுக்குங்க. குடுத்த சாமான இருப்புப் பதிவேட்டுல ஏத்தச் சொல்லுங்க, நாளைக்கு ஹெச்.எம். மாறுனாலும் கணக்கு நிக்கும். பிரின்டர் மாதிரி வாங்குன பெறகும் செலவு வைக்கிற சாமான்னா, இங்க் யாரு வாங்குறதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிருங்க, இல்லாட்டி மூணாவது மாசமே துணி போட்டு மூடிருவாங்க.

இன்னொண்ணு. யாரு எவ்வளவுன்னு மைக்ல வாசிக்காதீங்க. நூறு ரூவா குடுத்த கூலி வேலைக்காரர் பிள்ளையும் அந்தக் கூட்டத்துலதான் உக்காந்திருக்கும். ஃபேன் றெக்கையில உபயம்னு பேரு எழுதுறதையும் விட்டுருங்க, சுவிட்ச்சப் போட்டா எவனுக்கும் தெரியப் போறதில்ல!

கேள்வி: மகன் படிக்கிற தனியார் ஸ்கூல்ல பொங்கல் விழாவுக்கு பட்டு வேட்டி கட்டாயம்னு மெசேஜ் வந்துச்சு, கரும்புக்கும் பானைக்கும் தனியா காசு கேக்குறாங்க. குடுக்கத்தான் வேணுமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கரும்புக்குக் குடுங்கம்மா, அது பிள்ளைங்க வாயிக்குத்தான் போகுது. பட்டு வேட்டிக்கு மாத்திரம் நாலு அம்மாமாருங்க சேந்து போய், இருக்குற நல்ல துணியப் போட்டு அனுப்புறோம்னு சொல்லிருங்க, தனியா போனாத்தான் சங்கடம். எனக்கு உள்ளபடியே கோவம் வர்றது வேற. போகிக்கு முன்னாடி வேலை நாள்ல விழா வைக்கிறாங்க சரி, அங்க ஆயாம்மா பொங்கல் வைக்க, பிள்ளைங்க கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு போட்டோவுக்கு சிரிக்குது. அரிசி களையவும் வெல்லம் தட்டவும் பிள்ளைங்கள விடுங்கப்பா, அடுப்ப மட்டும் பெரியவங்க பாத்துக்கலாம். ஸ்டேஜ்ல அட்டையில செஞ்ச காளை வேற! தை ஒண்ணாந்தேதி அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதுக்கு மறுநாள் அலங்காநல்லூருன்னு நெசக் காளையவே பாக்குற பிள்ளைங்களுக்கு அட்டைக் காளை எதுக்குன்னுதான் புரியல.

கேள்வி: அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு மட்டும்தான் லீவு விடுறாங்க, மொத நாளு அழகர எதிர்கொண்டு வரவேக்குற எதிர்சேவைக்கு ஏன் கெடையாது? அந்த ஒரு நாளுக்கும் சனிக்கிழமை ஸ்கூல் வைக்கிறாங்களே, நியாயமா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவன், தல்லாகுளம்

பதில்: தம்பி, அது கலெக்டர் விடுற உள்ளூர் விடுமுறை. அறிவிப்பு வரும்போதே, இது செலாவணி முறிச் சட்டத்துல வராத லீவு, அதாவது பேங்குக்குக் கெடையாது, கருவூலம் கொஞ்சம் ஆளுங்களோட தொறந்திருக்கும், பதிலுக்கு இன்ன சனிக்கிழமை வேலை நாளுன்னு சேத்தே போட்டுருப்பாங்க. அரசுப் பொதுத்தேர்வு இருந்துச்சுன்னா அது நடக்கும். எதிர்சேவைக்கு வீட்டுல சக்கரைச் சொம்புக்கு வாழை இலை கட்டி சூடம் ஏத்தத் தயாரா நிக்கிறப்ப நீ மட்டும் கிளாஸ்ல உக்கார முடியாதுதான். லெட்டர்ல கடுங்காய்ச்சல்னு மட்டும் எழுதிராத, உங்க சாரும் அந்தக் கூட்டத்துக்குள்ளதான் நிப்பாரு.

கேள்வி: கல்வி வளர்ச்சி நாளுக்கு மகள் காமராஜர் பத்திப் பேசணும். எல்லாரும் சொல்றதையே சொல்லாம புதுசா ஏதாச்சும்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: ஜூலை 15 வந்தா அம்புட்டுப் பிள்ளைகளும் "படிக்காத மேதை"ன்னுதான் ஆரம்பிக்கும். உங்க பொண்ண சோத்துல இருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. 1956ல காமராஜர் மதிய உணவு, 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022 செப்டம்பர் 15ல காலை உணவு, அத ஸ்டாலின் தொடங்கி வச்சது நம்ம சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில. அப்பறம் அவ ஸ்கூல்லயே சமைக்கிற அம்மாகிட்ட, காலையில எத்தன மணிக்கு அடுப்புப் பத்த வைப்பீங்க, எத்தன படி அரிசின்னு கேட்டுட்டு வந்து அத மேடையில சொல்லட்டும்.

கேள்வி: பள்ளிக்கூடப் பொங்கலுக்கு மண்பானையா, பித்தளைப் பானையா?
- ஒரு ஆசிரியை, மேலூர்

பதில்: மண்பானைதான் டீச்சர், மண்பாண்டத்துக்குப் பேர் போன மானாமதுரை பக்கத்துலதான இருக்கு. வாங்குன அன்னைக்கே அடுப்புல ஏத்திராதீங்க, மொத நாளே தண்ணியில நல்லா ஊறப் போட்டுருங்க. முன்னெச்சரிக்கைக்கு இன்னொரு பானையும் வாங்கி வச்சுக்குங்க, நடுவுல விரிசல் விட்டா அம்புட்டு வெல்லமும் அடுப்புக்குத்தான்.