வாடிக்கையாளர் பட்டியல் யார் கையில்? – தகவல் பாதுகாப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பதினைந்து பேர்கூட இல்லை. வாடிக்கையாளர்களின் பெயர், கைபேசி எண், பிறந்த நாள் எல்லாம் ஓர் எக்செல் கோப்பில் இருக்கின்றன. இவ்வளவு சிறிய பட்டியலைத் தேடி எந்த ஹேக்கர் வரப்போகிறான்? தகவல் பாதுகாப்புச் சட்டங்கள் பெரிய நிறுவனங்களுக்கானவைதானே?

பதில்: ஹேக்கர் வர வேண்டிய அவசியமே இல்லை. போர்ச்சுகலில் பரேய்ரு நகர மருத்துவமனை ஒன்றுக்கு 2018இல் 4 லட்சம் யூரோ அபராதம் விதித்தார்கள். அங்கே பணியாற்றிய மருத்துவர்கள் 296 பேர். கணினியில் மருத்துவருக்குரிய அனுமதியுடன் இயங்கிய கணக்குகளோ 985! நோயாளியின் கோப்போடு தொடர்பே இல்லாத பலரால் அதைத் திறக்க முடிந்தது என்பதே குற்றமாயிற்று.

உங்கள் எக்செல் கோப்பை யார் யார் திறக்கலாம்? வேலையை விட்டுப் போனவரின் மின்னஞ்சலில் அதன் பிரதி இருக்கிறதா? தணிக்கைக்காக ஒரு நிறுவனத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது, கடைசியாக விலகிய ஊழியரின் கணக்கை எந்தத் தேதியில் மூடினீர்கள் என்றுதான். பெரும்பாலும் பதிலுக்கு முன் ஒரு மௌனம் வரும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் ஆனாலும், இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமானாலும், சிறிய நிறுவனங்களுக்குச் சில சலுகைகளுக்கு இடம் தருகின்றன. ஆனால் கையில் உள்ள தகவலைக் காக்கும் கடமையிலிருந்து விடுவிப்பதில்லை.

கேள்வி: ஊழியர் வருகைப்பதிவுக்கு முகத்தை அடையாளம் காணும் கருவி வைக்கப்போகிறோம். எல்லோரிடமும் 'சம்மதிக்கிறேன்' என்று கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் அல்லவா?

பதில்: போதாது. ஸ்வீடனில் ஸ்கெலெஃப்டியோ என்னும் ஊரின் மேல்நிலைப் பள்ளி ஒன்று, 22 மாணவர்களின் வருகையை முகத்தை வைத்துப் பதிவு செய்து பார்த்தது. ஒப்புதல் வாங்கித்தான் செய்தது. தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அந்நாட்டு ஆணையம் அந்த ஒப்புதலை ஏற்கவில்லை. பள்ளியைச் சார்ந்திருக்கும் மாணவரால் மனம்போல் மறுக்க முடியாது என்று சொல்லி, 2019இல் 2 லட்சம் குரோனர் அபராதம் விதித்தது. சம்பளம் தருபவர் நீட்டும் படிவமும் இப்படித்தான். மறுத்தால் வேலை என்னவாகுமோ என்ற அச்சத்தோடு போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? முகத்தைப் பதியாமல் வருகையைக் குறிக்க வேறு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டாயம் இருக்கும்.

முகம் மட்டுமல்ல, ஊழியரைப் பற்றி எதைப் பதிந்தாலும் கவனம் தேவை. ஜெர்மனியில் ஹெச் அண்ட் எம் என்னும் ஆடை விற்பனை நிறுவனத்தின் சேவை மையம் ஒன்றில், விடுப்பு முடிந்து திரும்பும் ஊழியர்களோடு மேலாளர்கள் உட்கார்ந்து பேசினார்கள். நோயின் அறிகுறிகள், குடும்பச் சிக்கல், மத நம்பிக்கை வரை கேட்டறிந்து, கணினியில் பதிந்துவைத்தார்கள். 2019இல் ஒரு பிழையால் அந்தக் குறிப்புகள் சில மணி நேரம் நிறுவனம் முழுவதற்கும் திறந்து கிடந்தன. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அடுத்த ஆண்டு விதித்த அபராதம் 3.5 கோடி யூரோவுக்கும் மேல்.

கேள்வி: சட்டத்துக்கு இணங்குவதற்கான செலவைக் கணக்குப் போட்டோம். அபராதம் வந்தால் கட்டிக்கொள்ளலாம், அதுவே மலிவு என்கிறார் எங்கள் கணக்காளர். அவர் சொல்வதில் நியாயம் இல்லையா?

பதில்: இந்தக் கேள்வி எனக்குக் கோபமூட்டியது. மறைக்க விரும்பவில்லை. முதலில் அவருடைய வழியிலேயே கணக்குப் பார்ப்போம். ஜிடிபிஆரில் உச்ச அபராதம் 2 கோடி யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. மெட்டா நிறுவனத்துக்கு 2023இல் அயர்லாந்து ஆணையம் விதித்தது 120 கோடி யூரோ. இந்தியச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

இனி, உங்கள் கணக்காளரின் தாளில் இடம்பெறாத கணக்கு. பின்லாந்தில் வாஸ்தாமோ என்றொரு உளவியல் சிகிச்சை நிறுவனம் இருந்தது. அதன் நோயாளிகள் தரவுத்தளம் இணையத்திலிருந்து எட்டும் நிலையில் இருந்தது. முதன்மைக் கணக்குக்குக் கடவுச்சொல்லே கிடையாது. யாரோ புகுந்து எடுத்துப் போனார்கள். 2020 செப்டம்பரில் நிறுவனத்தை மிரட்டிப் பணம் கேட்டான் ஒருவன். கிடைக்காமல் போகவே நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பினான்: 200 யூரோ கொடு, இல்லாவிட்டால் சிகிச்சையாளரிடம் நீ சொன்னதையெல்லாம் ஊருக்குச் சொல்வேன். கதவை மூடிக்கொண்டு ஒருவரை மட்டும் நம்பிப் பேசிய சொற்கள் அவை. பல ஆயிரம் பேருடையவை.

மருத்துவப் பதிவேட்டு அறையில் வேலையைத் தொடங்கியவள் நான். ஒரு கோப்பைக் கையில் எடுத்தால், அதற்குரியவர் எதிரில் நிற்பதாகவே நினைக்க வேண்டும் என்று எனக்குப் பயிற்சி தந்தவர் சொல்வார். அந்த மின்னஞ்சலைப் பெற்றவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

வாஸ்தாமோ 2021 பிப்ரவரியில் திவாலானது. 6,08,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது அந்த ஆண்டு டிசம்பரில். அபராதம் வருமுன்பே நிறுவனம் போய்விட்டது. இதைக் கணக்காளரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கசிவு நடந்துவிட்டால் வெளியே சொல்லத்தான் வேண்டுமா? பெயர் கெட்டுவிடாதா? மேலும், எங்கள் மென்பொருளைப் பராமரிப்பது வேறொரு நிறுவனம். பொறுப்பு அவர்களுடையதுதானே?

பதில்: சொல்லத்தான் வேண்டும். ஜிடிபிஆரில், கசிவு தெரியவந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். யாருக்கும் ஆபத்து நேர வாய்ப்பில்லை என்றால் மட்டுமே விலக்கு. பாதிப்பு கடுமையாக இருக்கும் என்றால் உரியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தியச் சட்டம் இன்னும் நேரடியானது: தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். வாஸ்தாமோ கசிவை மறைத்ததும் அந்த அபராதத்துக்கு ஒரு காரணம். பதற்றத்தில் கணினியை உடனே அழித்துச் சுத்தம் செய்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்பதற்கான தடயங்களும் அதோடு போய்விடும்.

பராமரிப்பு நிறுவனத்தின் தலையில் பொறுப்பைக் கட்டிவிடவும் முடியாது. சிங்கப்பூரில் 2018இல் 15 லட்சம் நோயாளிகளின் தகவல் திருடப்பட்டபோது, கணினிகளை நிர்வகித்த நிறுவனத்துக்கு 7.5 லட்சம் சிங்கப்பூர் டாலர், அதை நம்பி ஒப்படைத்திருந்த சிங்ஹெல்த் என்னும் மருத்துவமனைக் குழுமத்துக்கு 2.5 லட்சம் என இருவருக்கும் அபராதம் விதித்தார்கள்.

கேள்வி: வேலைக்கு விண்ணப்பித்துத் தேர்வாகாதவர்களின் விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகிடக்கின்றன. எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

பதில்: நல்ல கேள்வி. தகவல் பாதுகாப்பு வேலையை இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். ஜிடிபிஆர் இதற்கு ஆண்டுக்கணக்கு எதுவும் சொல்வதில்லை. எந்த நோக்கத்துக்கு வாங்கினோமோ அது முடிந்தால் நீக்க வேண்டும் என்கிறது. அந்த வேலைக்கு ஆள் சேர்ந்தாயிற்று. தேர்வு குறித்து யாராவது முறையீடு செய்யக்கூடிய காலமும் கடந்தாயிற்று என்றால், அழித்துவிடுங்கள். 'பின்னால் உதவும்' என்று வைத்திருப்பதானால் விண்ணப்பித்தவரையே கேளுங்கள். வரி, சம்பளம் தொடர்பான ஆவணங்களுக்கு வேறு சட்டங்கள் காலவரம்பு வைத்திருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். விண்ணப்பங்கள் கோப்புறையில் மட்டும் இருக்காது. நேர்காணல் செய்தவர்களின் மின்னஞ்சலிலும், வாட்ஸ்அப்பிலும், அச்செடுத்து மேசை இழுப்பறையில் போட்ட தாள்களிலும் தேடுங்கள்.