டயாலிசிஸ் இடம் ஒன்று, காத்திருப்போர் இருவர்: யாருக்குக் கொடுப்பது நியாயம்?

கேள்வி கேட்டவர் சொல்லும் நிலை இதுதான். அறநிறுவனம் ஒன்று நடத்தும் டயாலிசிஸ் (சிறுநீரகம் செயலிழந்தோரின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் சிகிச்சை) மையத்தில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. முதலில் பெயர் பதிந்தவர் 61 வயதுத் தனியாள். குடித்தே உடம்பைக் கெடுத்துக்கொண்டவர் என்று ஊர் பேசுகிறது. அவருக்குப் பின் பதிந்தவர் 28 வயதுப் பெண், இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். இருவரில் யாருக்குக் கொடுப்பது நியாயம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டப் பகுதியில் பிறந்து வளர்ந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இத்தகைய மையம் ஒன்றின் தேர்வுக் குழுவில் தொண்டராகப் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்களில் யார் நல்லவர், யாரால் ஊருக்குப் பயன் என்ற பேச்சு அந்த மேசையில் எழவே கூடாது. அந்தப் பேச்சு பெரும்பாலும் வாசல் வழியாக வராது. பொது விதி என்ற பெயரில் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே ஒவ்வொரு விதியையும் தனித்தனியே எடுத்து, இது தோட்டத்தில் யாரை வெளியே தள்ளுகிறது என்று கேட்டுப் பார்த்த பிறகே அதை ஏற்க வேண்டும்.

இடம் ஏன் இவ்வளவு அரிது என்பது தெரியாமல் இதைப் பேச முடியாது. ஒரு நோயாளிக்கு வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தேவை. ஓர் இயந்திரத்தில் ஒரு நாளைக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொண்டாலும், திங்கள், புதன், வெள்ளிக்கு ஓர் அணி, செவ்வாய், வியாழன், சனிக்கு இன்னோர் அணி என்று ஆறு பேரைத்தான் அது தாங்கும். சில வாரம் படுத்து எழுந்து வீட்டுக்குப் போகும் நோயும் அல்ல இது. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை, அல்லது உயிர் பிரியும் வரை அந்த நாற்காலி அவருடையது. இடம் காலியாகியிருக்கிறது என்று நாங்கள் தொலைபேசியில் சொல்லும்போது, அது எப்படிக் காலியானது என்பது எதிர்முனையில் இருப்பவருக்கும் தெரியும். அதனால் பலர் மகிழ்ச்சியைக் குரலில் காட்டிக்கொள்வதே இல்லை.

மலேசியாவில் அரசு ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் அரசு செலவைப் பார்த்துக்கொள்கிறது. தனியார் துறையில் தகுதியுள்ள சந்தாதாரருக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு உதவுகிறது; முஸ்லிம்களுக்கு ஜக்காத் என்ற அறக்கொடை நிதி உண்டு. இவை எதிலும் அகப்படாதவர்கள்தாம் எங்களிடம் வருகிறார்கள்: சந்தா ஒழுங்காகக் கட்டப்படாத குத்தகைத் தொழிலாளர்கள், வாழ்நாளெல்லாம் கணவரோடு செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியும் சம்பளச் சீட்டில் ஒரு நாளும் பெயர் ஏறாத பெண்கள், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள். ஆக, எங்கள் மேசைக்கு வரும்முன்பே ஒரு தேர்வு நடந்து முடிந்துவிட்டது. அதை நடத்தியவர்கள் யாரும் தங்களைத் தேர்வுக் குழு என்று நினைத்துக்கொள்வதில்லை.

ஆளை எடை போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாட்சி. 1960இல் அங்கே பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், நோயாளியின் கையில் பொருத்தி மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய குழாயை உருவாக்கி, நெடுங்கால டயாலிசிஸுக்கு வழி திறந்தார். 1962இல் தொடங்கப்பட்ட மையத்தில் இடங்கள் மிகச் சில. 45 வயதைத் தாண்டியவர்களையும் சிறுவர்களையும் மருத்துவர்கள் முதலிலேயே விலக்கினார்கள்; எஞ்சியவர்களில் யாரை ஏற்பது என்பதை ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர் என்று ஏழு பேர் கொண்ட குழு, வெளியே பெயர் தெரியாமல் இருந்து முடிவு செய்தது. மணமானவரா, எத்தனை பிள்ளைகள், சொத்து எவ்வளவு, என்ன படிப்பு, தேவாலயத்துக்குப் போகிறவரா என்றெல்லாம் அவர்கள் பார்த்தார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர், மனச்சாட்சியோடு உழைத்தவர்கள்தாம். ஆயினும் அந்த அளவுகோல்கள் யாவும் அவர்களைப் போன்றவர்களுக்கே சாதகமாக இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் லைஃப் இதழ் இதை வெளிக்கொணர்ந்தபோது எழுந்த வாதம் ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை. 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் சிறுநீரகம் செயலிழந்தோரில் பெரும்பாலோருக்கு அரசே செலவை ஏற்கும் சட்டத்தை இயற்றியது. அந்த அளவுகோலை எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவருக்கு இடம் கிடைக்கும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் தனியே கிடப்பவருக்கு ஒரு நாளும் கிடைக்காது.

குடித்தவர் என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு கொதிக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து தோட்டங்களுக்குள்ளேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை நடந்தது. சம்பள நாளன்று கூலி எந்த வழியாகத் திரும்பிப் போனது என்பதை எங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பின்னர் சம்சு என்ற மலிவான சாராயம் வந்தது. அப்படி ஒரு சூழலில் பிறந்து, பதின்மூன்று பதினான்கு வயதில் ரப்பர்ப்பால் வாளி தூக்கிய ஒருவரிடம், நீ ஒழுக்கமாக வாழவில்லை, ஆகவே உனக்கு இடமில்லை என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? மேலும், இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருவோரின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதலிடம் இனிப்பு நீருக்கே (நீரிழிவு). 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். குடித்தவரை ஒதுக்கினால், மூன்று வேளையும் சோறும் கெட்டிப்பால் தேநீருமாக இருந்தவரையும் ஒதுக்க வேண்டும். எதிர்காலத்தைப் பற்றிய கேள்வி மட்டுமே முறையானது: இனி குடித்தால் சிகிச்சை பலிக்காது என்று மருத்துவர் சொன்னால், அதை விட்டுவிட அவருக்கு உதவியும் அவகாசமும் கொடுத்தோமா?

கொல்லைப்புறமாக வரும் விதிகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எங்கள் விண்ணப்பப் பாரத்தில் 'பராமரிப்பாளர் பெயர், உறவு, தொலைபேசி எண்' என்று ஒரு கட்டம் இருந்தது. நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஊசி எடுத்த பிறகு மயக்கம் வந்தால் யாரை அழைப்பது என்று தெரிய வேண்டும் அல்லவா? முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பெரியவர் ஒருவர், பேனாவைப் பிடித்தபடி அந்தக் கட்டத்தின் மேல் நெடுநேரம் கையை வைத்திருந்தார். ரப்பர்ப்பால் கறை படிந்து தடித்துப்போன விரல்கள். "டீச்சர், எனக்குன்னு யாரும் இல்லீங்களே, இதுல என்ன எழுதட்டும்?" என்று கேட்டார். குழு கூடியபோது, துணை இல்லாதவர் ஒழுங்காக வரமாட்டார், இடம் வீணாகும் என்று ஒருவர் வாதிட்டார். கேட்பதற்கு மருத்துவக் காரணம் போலவே இருந்தது. எங்கள் மூத்த தாதிதான் குறுக்கிட்டு, வராமல் போகிறவர்களின் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார்: தவறியவர்களில் பெரும்பாலோர் குடும்பம் உள்ளவர்களே. மகன் வேலைக்குப் போய்விட்டான், வண்டி இல்லை, பேருந்து வரவில்லை என்பவையே காரணங்கள். அதன் பிறகு, முகவரியை வைத்துத் தோட்டம் தோட்டமாக வேன் ஏற்பாடு செய்தோம். அந்தக் கட்டத்தில் 'இல்லை என்றால் மையமே ஏற்பாடு செய்யும்' என்று அச்சிட்டோம். பெரியவர் ஐந்தரை மணி வேனுக்கு ஐந்து மணிக்கே முச்சந்தியில் நிற்பார்.

முதலில் வந்தவருக்கு முதலில் என்பதையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். எளிமையான விதி, யாரும் தலையிட முடியாது, அதனால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. ஆனால் பட்டணத்தில் கார் வைத்திருப்பவர் மருத்துவர் கடிதத்தை வாங்கிய அன்றே பதிந்துவிடுவார். தோட்டத்தில் இருப்பவர் ஈப்போ நகருக்குப் போய்க் கடிதம் வாங்க ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். பாரத்தை நிரப்ப ஆள் தேட வேண்டும். தோட்ட ஆஸ்பத்திரியும் டிரெஸர் என்ற மருத்துவ உதவியாளரும் இருந்த காலத்தில் இந்த நோய் முன்கூட்டியே கண்ணில் பட வாய்ப்பாவது இருந்தது. ஆகவே, பதிந்த தேதியை விட்டு, டயாலிசிஸ் தேவை என்று மருத்துவர் முடிவு செய்த தேதியிலிருந்து காத்திருப்பைக் கணக்கிட வேண்டும். இது என் சொந்தக் கற்பனையல்ல. அமெரிக்காவில் சிறுநீரகச் செயல்திறனைக் கணிக்கும் சூத்திரத்தில் கறுப்பினத்தவருக்கென ஒரு பெருக்கெண் இருந்தது. அது அவர்களுடைய சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டி, மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் அவர்களைத் தாமதமாகச் சேர்த்தது. 2021இல் அதைக் கைவிடுமாறு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. 2023 ஜனவரியிலிருந்து, பாதிக்கப்பட்டவர்களின் காத்திருப்புக் காலத்தைப் பின்னோக்கித் திருத்திக் கொடுக்கத் தொடங்கினார்கள். வெறும் கணக்கு என்று எல்லாரும் நம்பிய ஒன்றுக்குள் இவ்வளவு இருந்தது.

மருத்துவப் பயனைப் பார்க்க வேண்டாமா என்றால், கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் அதுவும் சிலர்மேல் கனமாக விழும். 1860 முதல் நம் மக்கள் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பன் நகரில், தியாகராஜ் சுப்பிரமணி என்ற 41 வயது மனிதருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. இனிப்பு நீரும் இதய நோயும் இருந்தன, பக்கவாதமும் வந்திருந்தது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவருக்கே நெடுங்கால டயாலிசிஸ் என்ற விதியின்படி அரசு மருத்துவமனை அவரை ஏற்கவில்லை. தனியாரிடம் செலவழிக்கக் கைப்பணமும் தீர்ந்தது. வழக்கு அரசமைப்பு நீதிமன்றம் வரை போய், 1997 நவம்பரில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. விதி அறிவுக்குப் பொருந்தியது, எல்லாருக்கும் ஒரே மாதிரி நடைமுறையானது, ஆகவே நீதிமன்றம் தலையிடாது என்றார்கள். அந்தத் தீர்ப்பை எண்ணும்போதெல்லாம் வருந்துகிறேன். என்றாலும் அந்த முறைக்குத் தலை வணங்குகிறேன். விதி எழுத்தில் இருந்தது. மறுக்கப்பட்டவர் காரணத்தைத் தெரிந்துகொண்டார். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் அதைக் கேள்வி கேட்க முடிந்தது. நம் பக்கத்தில் பல இடங்களில் மறுக்கப்பட்டவருக்கு 'இடம் இல்லை' என்ற இரண்டு சொற்களே மிஞ்சுகின்றன.

மருத்துவ நோக்கில் இருவரும் சமம், காத்திருப்பும் ஏறக்குறைய சமம் என்றால், குலுக்கல்தான் நியாயம் என்பது என் கருத்து. குழுவில் இதைச் சொன்னபோது, உயிரை நாலு நம்பர் லாட்டரி ஆக்குவதா என்று கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நமக்கு இது அந்நியமானதல்ல. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில், தகுதிகளை வரையறுத்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள் நம் முன்னோர். தகுதி முதலில், குலுக்கல் பிறகு என்ற வரிசையைக் கவனியுங்கள். முடிவெடுக்க முடியாத காரியத்துக்கு முனியாண்டி சன்னதியில் பூக்கட்டிப் பார்த்து, குழந்தை எடுத்துக் கொடுத்த பொட்டலத்தை மனமார ஏற்றுக்கொள்ளும் மக்கள் நாம். தோற்றவரிடம், உன் உயிர் மற்றவர் உயிரைவிட மட்டம் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதே அதன் பெரும் பலன்.

கொரோனா காலத்தில், 2021 ஜூலையில் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தது போன்ற நெருக்கடிக்கு இவ்வளவு நிதானம் கிடைக்காது. அங்கே நிமிடங்களில் முடிவு வேண்டும், பிழைக்கும் வாய்ப்பே முதலில் நிற்கும். டயாலிசிஸில் நாள்களும் வாரங்களும் நம் கையில் இருக்கின்றன. அவசரத்தைக் காரணம் காட்ட முடியாது.

பிள்ளைகளின் தாய் என்ற வாதத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. வகுப்பறையில் தாயை இழந்த பிள்ளைகளைப் பார்த்தவள் நான். ஆனாலும் பிள்ளைகளின் எண்ணிக்கையை எடைக்கல்லாக்கினால், பிள்ளை பெறாதவள், மணமாகாதவன், பிள்ளைகளால் கைவிடப்பட்ட கிழவி எல்லாரும் பட்டியலின் அடியில் நிரந்தரமாகக் கிடப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்பது மெய். அந்தக் கடனை அந்த 61 வயதுக்காரர் ஒருவரின் உயிரால் அடைக்கக் கூடாது.

ஆகவே நீங்கள் கேட்ட நிலையில் நான் செய்வது இது. ஊர்ப்பேச்சு தெரியாத மருத்துவர் ஒருவரிடம் இருவரின் அறிக்கையையும் பெயரில்லாமல் கொடுப்பேன். அந்தப் பெண்ணுக்கு வயிற்று வழிச் சுத்திகரிப்பு ஒத்துவருமா என்று முதலில் கேட்பேன். வீட்டிலேயே நாளுக்கு நான்கு முறை போல நீர் மாற்றிக்கொள்ளும் முறை அது, பல இளம் தாய்மார் அதைச் செய்துகொண்டே வேலைக்கும் போகிறார்கள். ஒத்துவந்தால் இருவருக்குமே வழி பிறக்கும். ஒத்துவராமல், பெரியவருக்கு டயாலிசிஸ் பலனளிக்கும் என்று மருத்துவர் சொல்லி, அவர் மாதக்கணக்கில் முன்னதாகக் காத்திருக்கிறார் என்றால், நாற்காலி அவருக்குத்தான். வித்தியாசம் சில வாரங்களே என்றால், இருவர் முன்னிலையில் சீட்டு எடுப்பேன். கிடைக்காதவருக்கு அன்றைக்கே தமிழில் எழுதிய கடிதம் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும்: எந்தக் காரணத்தால் இல்லை, வரிசையில் எத்தனையாவது, மறுபரிசீலனை எந்தத் தேதியில், முறையிட யாரை அழைப்பது, அதுவரை ஈப்போ பொது மருத்துவமனைக்குப் போய்வர எந்த வேன், எத்தனை மணிக்கு.